டாக்டர் பட்டத்துக்கு அப்புறமும் படிப்பு!

"பையன் என்ன பண்றான்?"

"நியூயார்க்ல படிக்கிறான்."

"டாக்டர் பட்டம் வாங்கிட்டான்னு போன வருஷமே ஸ்வீட் குடுத்தீங்களே?"

"வாங்கினதுக்கு அப்புறமும் படிக்கிறான்..."

கல்யாண மண்டபங்களில் என் பெரியம்மா படும் பாடு இது. அவர் மகன் (எனக்கு அண்ணன், வயசு 35, கிரீன் கார்டு உண்டு, ஜாதகம் தயார்) மனஇயலில் பி.ஹெச்டி. முடித்துவிட்டு, போஸ்ட் டாக்டரல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். பாடம்: ஹெச்.ஐ.வி.யும் மனநலமும்.

நான் பி.காம். ஆசாமி. முதலில் கேட்டது சம்பளம்தான். இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை, புதிதாகச் சேர்பவருக்கு 2024-ல் வருஷத்துக்கு 61,008 டாலர். நியூயார்க் வாடகை போக மிச்சத்தில் இட்லி சாப்பிடலாம், சாம்பார் சந்தேகம். ஆனால், அதன் கணக்குதான் என்னை அசத்தியது. முதல் 12 மாதம் வாங்கும் ஒவ்வொரு மாத உதவிக்கும், ஒரு மாத ஆராய்ச்சியோ ஆசிரியர் வேலையோ பாக்கி. நடுவில் டிமிக்கி கொடுத்தால் பணத்தை வட்டியோடு கக்க வேண்டும். சரி, கடனை எப்படி அடைப்பது? 13-வது மாதத்திலிருந்து அதே பயிற்சியில் தொடர்ந்தால் போதும், மாதத்துக்கு மாதம் கழிந்துவிடும்! படிச்ச கடனைப் படிச்சே அடைக்கிறார்கள், சார். நம்ம ஊர் பேங்க் மேனேஜர் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவார்.

"அது இருக்கட்டும்ணா... கிருமிக்கு டாக்டர் இருக்கார். மனசுக்கு அங்கே என்ன வேலை?"

அண்ணன் சிரித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் நியூயார்க் மாநில மனநல ஆய்வு நிலையத்திலுமாக ஹெச்.ஐ.வி. மையம் ஒன்று தொடங்கியது 1987-ல். ஏ.இஸட்.டி. என்ற முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்ததும் அதே வருஷம்தான். அப்போது மனஇயல்காரருக்கு முக்கிய வேலை, சாகப்போகிறவர் பக்கத்தில் உட்காருவது. 1996-ல் கூட்டு மருந்துகள் வந்த பிறகு நிலைமை தலைகீழ். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஆயுசு கெட்டி. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் 782 ஆண் ஜோடிகளைக் கவனித்து 2019-ல் வந்த ஆய்வில், மருந்தில் இருந்த துணையிடமிருந்து தொற்றியவர்கள் பூஜ்யம்.

அப்புறம் என்னதான் பிரச்னை? மாத்திரையைப் போட வேண்டுமே!

மனச்சோர்வு வந்தவனுக்கு எழுந்து பல் தேய்ப்பதே மலை. ரூம்மேட் பார்த்துவிடுவானோ என்று பாட்டில் லேபிளைக் கிழிப்பவர் உண்டு. வெளியூர் போனால் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர் உண்டு. டாக்டர் கேட்டால், "ஒழுங்கா சாப்பிடறேன் சார்!"

உண்மையைக் கண்டுபிடிக்க பாட்டில் மூடிக்குள் சிப் வைத்தார்கள். திறக்கும்போதெல்லாம் தேதியும் மணியும் பதிவாகும். ஆனால், ஒரு வார மாத்திரையை ஒரே தடவை கொட்டிப் பையில் போட்டுக்கொண்டால் மூடி அசடு வழியும். நோயாளிக்குத் திடீரென்று போன் போட்டு, "இப்ப கையில இருக்கிற மாத்திரையை எண்ணுங்க" என்றும் பார்த்தார்கள். கேள்வியை மனுஷன் கேட்காமல், ஹெட்போனில் கம்ப்யூட்டர் கேட்டால்? அமெரிக்காவில் 15 முதல் 19 வயசுப் பையன்களிடம் செய்து 1998-ல் வெளியான ஆய்வு சுவாரஸ்யம். காகிதத்தில் எழுதச் சொன்னபோது மறைத்த அந்தரங்கங்களை, கம்ப்யூட்டரிடம் கொட்டியவர்கள் அதிகம். (என் மாதிரி ஆட்கள் ரெண்டு பெக்கில் கொட்டிவிடுவோம்.)

பெக் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய தடுப்பு ஆய்வுக்கு, இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமோ? சென்னை ஒயின்ஷாப்புகள்! டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் இங்கே அதில் பங்கேற்றது. கடைக்கு வருகிறவர்களில் செல்வாக்கானவர்களைப் பிடித்து, நண்பர்களிடம் பேச்சுவாக்கில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் பேசிய இடங்களில் ஆபத்தான பழக்கம் குறைந்தது. பேசாத இடங்களிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. இரு தரப்புக்குமே பரிசோதனை, ஆலோசனை, விரிவான பேட்டி எல்லாம் கிடைத்திருந்தன.

"உட்கார்ந்து ஒழுங்கா கேட்டதே வேலை செஞ்சிருக்கலாம்டா" என்றார் அண்ணன்.

அதனால் அவர்கள் கேட்கவே கற்றுக்கொள்கிறார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் ஆராய்ச்சியாளர் என்று நடித்துப் பழகுகிறார்கள். "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டால் ஃபெயில். "நிறையப் பேருக்குத் தவறிப்போகுது. போன வாரம் உங்களுக்கு எந்த நாள் கஷ்டமா இருந்தது?" என்றால் பாஸ். ஒருநாள் அண்ணன் நோயாளி வேஷம். "வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேள்வி வந்ததும் வாய் அடைத்துப்போச்சாம். வேஷம் மறந்து, தன் வீட்டையே நினைத்திருக்கிறார். இங்கே பெரியப்பா ஊர் பூராவும் சொல்லி வைத்திருப்பது, "ஹார்ட் ரிசர்ச்".

இதில் எனக்கும் பங்கு உண்டு. தரகருக்கு பயோடேட்டா டைப் அடித்தவன் நான்தான். "மனஇயல் ஆராய்ச்சி" என்று போட்டுவிட்டு, முன்னால் இருந்த மூன்று எழுத்தை நைஸாகத் தூக்கிவிட்டேன். பெண் வீட்டார் என்னத்தையாவது நினைப்பார்களே!

போன வாரம் அண்ணன் போனில் வந்தார்.

"பயோடேட்டா பார்த்தேன். ஹெச்.ஐ.வி.யைக் காணோமே?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நிறையப் பேர் இப்படித்தான் எடுத்துடறாங்க. டைப் பண்ணும்போது உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருந்தார்.

நான் பதில் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு.

மூன்று எழுத்தையும் சேர்த்துப் புதுசாக ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். பெரியம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.