எந்த மாதம் போகிறீர்கள்?

உப்புவெளிக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது மனிதர்களைப் பற்றித்தான். அந்தப் பக்கம் இப்போது பயமில்லையா, இருட்டிய பிறகு கடற்கரையில் நடக்கலாமா, பெண்கள் தனியே தங்கலாமா என்று கேட்கிறார்கள். 2009 வரை நீடித்த போரும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும், 2024 ஒக்டோபரில் அறுகம்குடாவைக் குறித்து அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கையும் மனதில் இருக்கும்போது இந்தக் கேள்விகள் எழுவது நியாயமே. பணத்தையும் கடவுச்சீட்டையும் பத்திரப்படுத்துவது, ஆளரவமற்ற மணலில் இரவில் தனியே நடக்காதிருப்பது, தங்குமிடத்தை நன்றாக விசாரிப்பது போன்ற முன்னெச்சரிக்கைகள் எந்த ஊரிலும் போல இங்கும் வேண்டும். ஆனால் திருகோணமலை நகருக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீற்றரில் இருக்கும் இந்தக் கரையில், மனிதர்களைவிடக் கடலுக்குத்தான் அதிகம் அஞ்சவேண்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீர்மானிக்கவேண்டியது பயணத்தின் மாதத்தை.

உப்புவெளிக்கு ஓராண்டில் இரண்டு கடல்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மறுபுறத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட கச்சானாக இங்கு வந்துசேர்கிறது. தரையிலிருந்து கடலை நோக்கி அது வீசுவதால் கரையோரத்தில் அலை அடங்கியிருக்கும், நீரும் தெளிந்திருக்கும். ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்கும். அதன் பிறகு பெப்ரவரி வரை வாடைக்காற்று திறந்த கடலிலிருந்து நேரே கரைக்கு வரும். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரை கடந்தது இதே கரையோரத்தில், உப்புவெளிக்கு வடக்கே திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில். தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயலும் டிசெம்பரில் இலங்கையைக் கடந்துதான் போனது. நம்முடைய சிக்கல் என்னவென்றால், பாடசாலை விடுமுறை, நத்தார், புதுவருடம், வெளிநாட்டிலுள்ள சொந்தங்களின் வருகை எல்லாம் அந்த டிசெம்பரில்தான் கூடிவருகின்றன. ஓகஸ்டில் எடுத்த படத்தைப் பார்த்து டிசெம்பருக்கு அறை பதிவு செய்யும் குடும்பம், படத்தில் கண்டிராத ஒரு கடலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அந்த மாதத்தில் வரவே கூடாதென்பதில்லை. கோணேசர் கோயில் இருக்கிறது, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் நிலாவெளி வீதியிலேயே இருக்கிறது. கடலை மட்டும் மணலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும்.

அப்படியானால் ஓகஸ்டில், குளம்போலக் கிடக்கும் கடலில் என்ன பயம் என்று கேட்கலாம். பலரும் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். அலையை அடக்கி வைக்கிற அதே கச்சான், நீரில் மிதக்கிற எதையும் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். காற்றடைத்த மெத்தை, ரப்பர் வளையம், சிறிய துடுப்புப் படகு ஆகியவற்றில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கரையிலிருந்து படமெடுப்பது உண்மையில் ஆபத்தான விளையாட்டு. கரைக்கு அருகில் காற்றின் வேகம் தெரியாது. வெளியே போகப் போகத்தான் அது பலக்கும், அப்போது துடுப்புப் போட்டுத் திரும்பப் பெரியவருக்கே தெம்பிருக்காது. பலமாகக் காற்று வீசும் நாளில் மிதப்பனவற்றைத் தங்குமிடத்திலேயே விட்டுவரவேண்டும். மிதந்து போகும் பந்தைத் துரத்தி நீந்தக் கூடாது.

நீச்சல் தெரிந்தவர்கள் இதையெல்லாம் தங்களுக்கல்ல என்று நினைப்பதுண்டு. புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் பிள்ளைகள் பள்ளியிலேயே நீந்தப் பழகுகிறார்கள், அது பெரும் நன்மை. ஆனாலும் தடாகத்தில் நீரோட்டம் கிடையாது. கரைக்கு வந்த அலைநீர் ஒடுங்கிய ஒரு வழியாகத் திரும்பி ஓடும்போது அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப்போவார். அந்த இழுவை அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வந்துவிடலாம். அதற்கும் முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும். நீரில் மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சுக்கே போராடுகிறவருக்குக் குரல் வராது. ஆகவே சிறு பிள்ளை நீரில் நிற்கும்போது ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில், கைபேசியைப் பார்க்காமல் நிற்கவேண்டும். மூழ்குகிறவரைக் காப்பாற்றப் பாய்ந்தவர் அவரோடு சேர்ந்து போவதும் நடக்கிறது. வெற்றுப் பிளாஸ்டிக் கலன், கயிறு, டயர் டியூப் என்று மிதப்பதை எறிவதே முதலில் செய்யவேண்டியது. மது அருந்திய பின் கடல் வேண்டாம். அவசர அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்ற எண்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்தில் இருக்கிறது.

நிலாவெளிக்கு அப்பால், கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே முகமூடி அணிந்து பவளப்பாறைகளைப் பார்க்கிறவர் முகத்தைக் கீழே வைத்திருப்பதால் நீர் தம்மை நகர்த்துவதை உணரமாட்டார். அடிக்கடி தலையைத் தூக்கிக் கரை எங்கே என்று பார்க்கவேண்டும், துணையில்லாமல் இறங்கக் கூடாது. கருமுனைச் சுறாக்களைக் கண்டு பதற வேண்டியதில்லை, துரத்தாமல் விட்டால் அவை விலகிப் போய்விடும். பவளத்தின்மீது கால் வைத்தால் பவளமும் சாகும், காலும் கிழியும். படகில் ஏறும்போதே உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், இருக்கைக்கடியில் கிடக்கும் அங்கியால் பயனில்லை. கரையில் மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது அந்தக் கயிறுகளுக்கிடையே குளிக்கவும் வேண்டாம். கொழும்பிலிருந்து சாலைவழியாக வருகிறவர்கள் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட பகுதியைப் பகலில் கடப்பது நல்லது, இரவில் அங்கே யானைகள் வீதிக்கு வரும்.

இப்படி எழுதினால் வருகிறவர்களும் வராமல் போய்விடுவார்கள், இங்குள்ளவர்களின் பிழைப்புக் கெடும் என்ற கவலையை அலட்சியப்படுத்த முடியாது. ஆழிப்பேரலை, போர், 2019, பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி என்று இந்தக் கரையோர மக்கள் அடுத்தடுத்து அடிபட்டவர்கள். ஆனால் அவர்களுடைய பிழைப்பு, வந்தவர்கள் நல்லபடியாகத் திரும்பி அடுத்த ஆண்டும் வருவதில் தங்கியிருக்கிறது. டிசெம்பரில் கடல் குளிக்க உகந்ததல்ல என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடும் விடுதி ஓரிரு வாடிக்கையாளரை இழக்கலாம், ஆனால் ஏமாற்றியதாகப் பெயரெடுக்காது. காற்றைப் பார்த்துவிட்டு இன்று வேண்டாம் என்கிற படகோட்டி அன்றைய வருமானத்தை விட்டுத்தான் அதைச் சொல்கிறார். அவரிடம் கூடுதல் பணம் காட்டி வற்புறுத்தாதீர்கள், அவரை விட்டு அடுத்த படகைத் தேடியும் போகாதீர்கள். முற்பணம் கொடுத்திருந்தால் வேறொரு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.