முயலுக்கு ஏற்ற பச்சிலை

உண்டதைக் கக்க முயலால் இயலாது. உணவுக்குழல் இரைப்பையைச் சேருமிடத்தில் உள்ள வளைதசை அத்துணை இறுக்கமானது. ஒவ்வாததைத் தின்ற நாயும் பூனையும் அதை வெளியே கக்கிப் பிழைத்துக்கொள்ளும். முயலுக்கு அவ்வழி அடைபட்டுவிட்டது. வாய்க்குள் சென்றது எதுவாயினும் குடல் முழுவதையும் கடந்தே தீரவேண்டும். ஆகவே, ஒரு காய் முயலுக்கு ஏற்றதா என்னும் வினாவுக்கு விடை அதன் நாவில் இல்லை, குடலில் இருக்கிறது.

வளர்ப்பு முயலின் முன்னோர் ஐபீரியத் தீவக்குறையின் வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பிய முயல்கள். (நம் புதர்க்காடுகளில் துள்ளியோடும் காட்டுமுயல் வேறு இனம், அது வளை தோண்டுவதில்லை.) ஊட்டம் குன்றிய புல்லைத் தின்று உயிர் வாழ்வதற்கென்றே அமைந்தது அவற்றின் உடல். மாட்டைப்போல் நான்கறை இரைப்பையோ அசைபோடும் வழக்கமோ முயலுக்கு இல்லை. நொதித்தல் நிகழும் இடம் குருட்டுக்குடல். செரிமானப் பாதையின் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதற்கே உரியது.

பெருங்குடலின் தொடக்கப்பகுதி ஒரு சல்லடையின் வேலையைச் செய்கிறது. பருத்த நார்த்துணுக்குகள் உலர்ந்த உருண்டைப் புழுக்கைகளாகி வெளியேறுகின்றன. நுண்துகள்களும் நீரும் பின்னோக்கிக் குருட்டுக்குடலுக்குத் திரும்புகின்றன. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கவைத்துப் புரதமும் பி வகை உயிர்ச்சத்துகளும் ஆக்குகின்றன. அந்த விளைச்சல், பளபளக்கும் சளிப்படலம் போர்த்த மென்புழுக்கைக் கொத்தாக வெளிவரும். முயல் குனிந்து, எருவாயிலிருந்து நேரே அதை எடுத்து, மெல்லாமலே விழுங்கிவிடும். பார்ப்பவர் முகஞ்சுளிக்கலாம்; ஆனால் அதைத் தடுத்தால் விலங்கு நலிந்துபோகும்.

முயலுக்கு உணவிடுவோர் உண்மையில் இந்நுண்ணுயிர்களுக்கே உணவிடுகின்றனர். நார் குறைந்து மாவுப்பொருளும் சர்க்கரையும் மிகுந்தால் குடலின் அசைவு தளரும். நச்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் வகை நுண்ணுயிர்கள் பெருகும். சோறு, ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றை அறவே விலக்குக. கேரட்டும் வாழைப்பழமும் எப்போதேனும் ஒரு சிறு துண்டு போதும். முயலென்றால் கேரட் என்னும் எண்ணத்தை நம் மனத்தில் பதியவைத்தது, 1940 முதல் திரையில் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசிய கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி. கேரட்டின் தழையே முயலுக்கு உகந்தது. நாமோ அதைக் கிள்ளி எறிந்துவிடுகிறோம்!

உணவின் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல்லாக இருத்தல் வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. வெட்டுப்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். நீண்ட நாரைப் பக்கவாட்டில் அரைத்து மென்றால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். தேயாத பல்லின் கூர்முனை நாவைக் கிழிக்கும். அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் அரிந்து உலர்த்தினால் நல்ல தீவனமாகும். நெல் வைக்கோல் அதற்கு ஈடாகாது.

பச்சிலை உலர்புல்லோடு சேர்க்கும் துணையுணவே. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, செம்பருத்தி இலை ஆகியவற்றில் இரண்டு மூன்றைக் கலந்து, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கைப்பிடி என்னும் அளவில் நாள்தோறும் இடலாம். நன்கு அலசி இடுக. குவித்து வைத்துச் சூடேறிய கீரை ஆகாது. புதிய இலை எதுவாயினும் முதலில் ஒரு கிள்ளு மட்டும் கொடுத்து, சில நாள் புழுக்கையைக் கவனித்த பின்னரே அளவைக் கூட்டுக. புழுக்கை இளகினால் அவ்விலையை நிறுத்திவிடுக.

முருங்கைக்கீரை நமக்கு மிக நல்லது; ஆகவே முயலுக்கும் நல்லது என்று பலர் அள்ளி இடுகின்றனர். இங்கே சற்றுத் தயக்கம் தேவை. பெரும்பாலான பாலூட்டிகளின் குடல் தேவைக்கேற்பவே கால்சியத்தை ஈர்க்கும். முயலின் குடலோ உணவில் உள்ளதற்கேற்ப ஈர்த்துக்கொண்டு, மிகையைச் சிறுநீரில் தள்ளுகிறது. அதன் சிறுநீர் சுண்ணாம்பு நீர்போல் கலங்கியிருப்பது இதனாலேயே. கால்சியம் செறிந்த முருங்கையும் அகத்தியும் நாள்தோறும் சேர்ந்தால் சிறுநீர்ப்பையில் மணலும் கல்லும் படியக்கூடும். வாரத்தில் ஓரிரு நாள் சிறிதளவு போதும். ஆக்சலேட் மிகுந்த தண்டுக்கீரைக்கும் இதே அளவைக் கொள்க.

கொடுக்கவே கூடாதவை சில உண்டு. வெங்காயமும் பூண்டும் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு, அதன் முளை, தக்காளிச் செடியின் இலையும் தண்டும், அவகாடோ ஆகியன நஞ்சு. அரளி இலை இதயத்தையே நிறுத்திவிடும். தோட்டத்தில் முயலை உலவவிடுவோர் இதை மறத்தலாகாது.

அரை நாள் அளவு முயல் தின்னாமலும் புழுக்கையிடாமலும் இருந்தால் மறுநாள்வரை பொறுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டில் மீந்திருக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்தை நீங்களாக வாயில் புகட்டிவிடாதீர்கள். அது குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, முயலின் உயிரையும் பறித்துவிடும்.