வேர் மறைந்தாலும் சுவடு மறையாது

பெருமழை ஓய்ந்த காலையில் ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையோரம் நடந்தால், வெட்டுண்ட மண்மேடுகளில் தேயிலை வேர்கள் வெளித்தெரியக் காண்கின்றோம். அவ்வேர் மக்கிய பின்னும் அதன் வடிவம் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பண்டைய மண் புதையுண்டு கல்லாக இறுகும்போது வேர்களின் அடையாளமும் சில வேளைகளில் உடன் தங்கிவிடுகின்றது. இதனையே வேர்ச்சுவடு என்கின்றோம். ஈரச் செம்மண்ணில் வேர் மக்கும்போது, சுற்றியுள்ள இரும்புச் சத்து கரைந்து சாம்பல் நிறக் கோடு விழும். வறண்ட நிலத்திலோ வேரைச் சூழச் சுண்ணாம்பு படிந்து குழாய்போல் இறுகும். புழு துளைத்த வழியோ என்று ஐயுற வேண்டுவதில்லை. வேர் செல்லச் செல்லக் கிளைத்து மெலியும், புழுவின் வளை பெரும்பாலும் ஒரே பருமனாயிருக்கும்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், கெய்ரோ என்னும் ஊரின் பழைய கற்குவாரித் தரையில் இத்தகைய சுவடுகள் உள. அவை ஏறத்தாழ 38 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2019இல் அறிஞர் வெளியிட்டனர். சில வேர்கள் 11 மீற்றர் வரை நீண்டிருந்தன. ஆங்கு ஒரு மரமும் நிற்கவில்லை. காடு இருந்தமைக்கு வேரே சாட்சி.

நம் மலைகளில் இவ்வாறு உண்டோ? மலைநாட்டுப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. ஆதலின் அவற்றுள் வேர்ச்சுவடு தேடுதல் வீண். எனினும் ஹோட்டன் சமவெளியின் சதுப்புகளில், செடிகொடிகள் அரைகுறையாக மக்கிப் படிந்த கருமண் உண்டு. அதிலுள்ள மகரந்தத் தூளை ஆராய்ந்தோர், சுமார் 24,000 ஆண்டுகளின் மழையையும் வறட்சியையும் அதிற் கண்டறிந்து 2003இல் எழுதினர்.

இம்மலைகளின் பெருங்காட்டைக் கோப்பியும் பின்னர் தேயிலையும் விழுங்கின. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை வெட்டலாகாதென அரசாங்கம் தடுத்தது 1873இலேதான். அதற்குக் கீழே எஞ்சிய சாட்சி மேல்மண் ஒன்றே. அதுவும் மழைக்கு மழை கரைந்து ஆற்றோடு போகின்றது. போன மண்ணோடு விளைவும் போகும், நிலத்தின் சரித்திரமும் போகும்.

ஆதலின், சரிவில் கான் வெட்டி, வரம்பில் புல் நட்டு, மண்ணைத் தடுத்து நிறுத்தும் தோட்டத் தொழிலாளியின் உழைப்பை நாம் சிறிதென எண்ணலாகாது. நாளைய கொழுந்தையும் நேற்றைய சுவட்டையும் ஒருங்கே காப்பது அவ்வுழைப்பேயன்றோ!