பரணில் கிடக்கும் பழைய மைக்

நம் மைசூரில் வானொலி பிறந்த கதை பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1935 செப்டம்பரில் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி.கோபாலசுவாமி தம் சொந்த வீட்டிலேயே 30 வாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து ஒலிபரப்பை ஆரம்பித்தார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்த வீட்டு நிலையத்துக்கு வைத்ததுதான். நாடு முழுக்கப் பரவியது அதற்குப் பிறகு.

அந்த ஊர்வாசனையோ என்னவோ, பழைய ஸ்டூடியோ மைக் என்றால் எனக்கு ஒரு சபலம். இப்போது சங்கத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். "மாமா, பழைய மைக் சல்லிசாகக் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் பெயரைத் துரத்தினால் கிடைக்காது.

பெர்லினில் நாய்மன் கம்பெனி 1949-இல் கொண்டுவந்த யு 47 மைக்கைச் சொல்லாத ஆளில்லை. அதற்குள் இருக்கும் விஎஃப் 14 வால்வு உற்பத்தி நின்று அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்று அது பல லட்ச ரூபாய்ச் சமாசாரம். யாராவது ஐயாயிரத்துக்குக் கொடுத்தால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

லாபம் இருப்பது டைனமிக் மைக்குகளில். உதாரணத்துக்கு, 1960-இல் வந்த சென்ஹைசர் எம்டி 421. அதன் பழைய உருப்படிகள் சிலவற்றில் இப்போதைய எக்ஸ்எல்ஆர் பிளக் சேராது. டூஹெல் என்ற வேறு வகைப் பிளக் வேண்டும். வயர் இல்லை, சோதிக்க முடியவில்லை என்று விற்பவரே விலையை இறக்கிவிடுவார். அடாப்டர் விலை அதற்குமுன் ஒன்றுமேயில்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் தேடலாம். ஆனால் என் ஓட்டு உள்ளூர் மைக்செட்காரர் வீட்டுப் பரணுக்குத்தான். அவரிடம் பொறுமையாக ஒரு காபி குடிக்க வேண்டும், அவ்வளவே. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தபால் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து மலிவெல்லாம் பறந்துவிடும்.

போகும்போது சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஹெட்ஃபோனும் கையில் இருக்கட்டும். வலைக்குள் இருக்கும் ஃபோம் பொடியாகி உதிர்ந்தால் பயமில்லை, மாற்றிக்கொள்ளலாம். மைக்குக்குள் காந்தம் உண்டு. இரும்புத்தூள் ஒட்டி டயஃப்ரம் கீறியிருந்தால் வேண்டாம். எஸ்எம்58 என்று எழுதியிருப்பதையெல்லாம் நம்பாதீர்கள், போலி ஏராளம்.

ரிப்பன் மைக் விஷயத்தில் நான் கற்ற பாடத்துக்கு விலை தொள்ளாயிரம் ரூபாய். பல வருஷங்களுக்கு முன் சந்தையில் ஒன்று அகப்பட்டது. கடைக்காரர் ஆம்ப்ளிஃபையரில் மாட்டிக் காட்டினார். குரல் தேன்போல் வந்தது. வாங்கி வந்து, வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து, மேடைப் பழக்கத்தில் "ஃபூ... ஃபூ..." என்று ஊதினேன். முடிந்தது கதை. அதற்குள் இருப்பது தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியத் தகடு. ஊதினால் இழுபட்டுத் தொங்கிவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதும் வீண்: உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் அது காட்டும், ரிப்பன் அறுந்தது தெரியாது. 48 வோல்ட் ஃபாண்டம் பவர் பட்டனையும் அணைத்து வையுங்கள். வயரில் கோளாறு இருந்தால் ரிப்பன் போய்விடும்.

அந்த மைக் இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது, காகிதம் பறக்காமல் இருக்க. பேரன் பக்கத்தில் வந்தால் அவன் பாட்டி இன்றும் எச்சரிக்கிறாள்: "ஊதாதேடா, தாத்தா ஏற்கெனவே ஊதிட்டார்."