கருந்துளையில் வீழும் பொருளின் கதி

கருந்துளையானது சுற்றிலும் உள்ள அனைத்தையும் உறிஞ்சி விழுங்கிவிடும் என்னும் எண்ணம் மாணவரிடையே பரவலாக உண்டு. அது சரியன்று. சூரியனுக்குப் பதிலாக அதே நிறையுள்ள கருந்துளையொன்று அவ்விடத்தில் இருப்பினும், பூமி இப்போதுள்ள பாதையிலேயே சுற்றிவரும். ஒளியும் வெப்பமுமே இல்லாமற் போகும். மிக நெருங்கியபின்தான் ஆபத்து நேர்கிறது. ஓர் எல்லையைத் தாண்டிய எதுவும், ஒளியே ஆயினும், மீள்வதில்லை. ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஷ்வார்ஷில்டு 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிதத்தினின்று இவ்வெல்லையின் அளவு பெறப்படுகிறது. சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுடைய கருந்துளைக்கு எல்லையின் ஆரம் 30 கிலோமீட்டர். பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளை ஏறக்குறைய 40 லட்சம் சூரியன்களின் நிறை உடையது. அதன் எல்லை 1 கோடி கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆரமுடையது.

இவ்விரண்டனுள் சிறியதே கொடியது. அதனுள் கால் முன்னாக வீழும் மனிதனின் கால்களைக் கருந்துளை தலையைவிட வலிமையாக இழுக்கும். கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்குவதும் இத்தகைய வேறுபாடே. சிறிய கருந்துளையின் எல்லையில் இவ்வேறுபாடு பூமியின் ஈர்ப்பைவிடக் கோடி மடங்குக்கு மேலாகும். ஆகவே எல்லையை எட்டுமுன்பே உடல் இழைபோல் நீண்டு சிதையும். பெரியதன் எல்லையிலோ அது உணரவும் இயலாத அளவு சிறிது.

பெரிய கருந்துளையினுள் ஒரு கடிகாரத்தை வீழ்த்துவதாகக் கொள்வோம். தொலைவில் நிற்பவருக்கு அதன் துடிப்புகள் வரவரத் தாமதித்து வந்து சேரும். ஒளி சிவந்து மங்கும். எல்லையைக் கடப்பதை அவர் ஒருபோதும் காணார். கடிகாரம் அங்கேயே என்றென்றும் தொங்கிக்கொண்டிருக்குமென்று சில நூல்கள் எழுதுவது பாதி உண்மையே. விரைவில் அவ்வுருவம் எக்கருவிக்கும் புலப்படாதவாறு மறைந்துவிடும். கடிகாரத்துடன் செல்பவருக்கோ எல்லையில் சுவருமில்லை, அடையாளமுமில்லை. வெகுதொலைவிலிருந்து தடையின்றி வீழ்பவர், எல்லையைக் கடந்தபின் தம் கடிகாரப்படி ஏறத்தாழ அரை நிமிஷத்தில் மையத்தை அடைவார். அதற்கு முன்பே அவர் உடலும் சிதைந்திருக்கும். இரு கடிகாரங்களும் பிழையற்றவையே. காலம் எங்கும் ஒரே கதியில் ஓடுவதில்லை என்பதே காரணம். மையத்தில் யாது நிகழ்கிறது என்பதை இன்றைய கொள்கைகள் விளக்கவில்லை.

கலைவுற்ற கருந்துளை, தட்டிய மணியைப்போல் அதிர்ந்து விரைவில் அடங்கும் என்பதைப் பெங்களூரில் பிறந்த சி. வி. விசுவேசுவரா 1970-இல் கணித்துக் காட்டினார். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள், இரு கருந்துளைகள் ஒன்றியபோது எழுந்த ஈர்ப்பு அலைகளைப் பதிவு செய்தன. அப்பதிவின் இறுதிப் பகுதி இவ்வகை அதிர்வுடன் ஒத்திருந்தது.