பனையும் காந்தளும்: அரச சின்னங்கள் பற்றிய ஒரு நோக்கு

மாங்குளத்திலிருந்து துணுக்காய் ஊடாக மேற்கே வரும் வீதி மன்னார் - பூநகரி வீதியைச் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர் வெள்ளாங்குளம். வயலும் பற்றைக்காடும் பனையும் விரவிய இப்பகுதியின் வேலிகளிலே, மாரி தொடங்கியதும் கார்த்திகைப்பூக் கொடி படர்ந்து பூக்கும். இவ்விரண்டும் கடலுக்கு அக்கரையில் அரச சின்னங்களாகும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். செங்காந்தள் என அங்கு வழங்கும் கார்த்திகைப்பூ அதன் மாநில மலர். இலங்கை அரசு 1986இல் தேசிய மரமாகவும் மலராகவும் அறிவித்தவை நாகமரமும் நீலோற்பலமும் ஆகும். நாகமரம் ஈரவலயத்துக்குரியது, வெள்ளாங்குளத்தின் வரண்ட மண்ணில் இயல்பாக வளர்வதன்று. ஒரு மரமோ மலரோ எவ்வாறு அரசொன்றின் அடையாளமாகிறது என்னும் வினாவை இவ்வேறுபாடு எழுப்புகின்றது. அதனையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

தமிழர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. போர்க்களத்தில் மூவேந்தரின் படைகளை வேறுபடுத்தி அறிதற்குச் சூடப்பட்ட பூக்களைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகின்றது. சேரர்க்குப் போந்தை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆர். போந்தையென்பது பனையே. வில், கயல், புலி என்னும் இலச்சினைகளும் இவ்வகையினவே. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்களில் நந்தியுருவும் ‘சேது’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருத்தல் நாமறிந்ததே. அச்சொல் மன்னார்க் கடலையும் இராமேசுவரத்தையும் தொடர்புறுத்துவது. ஆயின் இவையாவும் வேந்தர்குடியின் சின்னங்கள். குடிமக்களைக் கேட்டுத் தெரிவு செய்யப்பட்டவையல்ல.

சட்டமன்றம் கூடி மரத்தையும் மலரையும் அறிவிக்கும் இக்கால வழக்கு பெரிதும் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்தது. 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியையொட்டி, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு மலரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் பரவியது. புளோரிடா மாநிலத்தின் முத்திரையில் நெடுங்காலம் தென்னை நின்றது. 1953இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்டதோ சபால் எனும் பனையினம். முத்திரையைத் திருத்தி மரத்தை மாற்ற 1970இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது! தென் கரோலினாவின் வரலாறு இதனினும் ஆழமானது. 1776 யூன் 28ஆம் நாள், சலிவன் தீவிலிருந்த கோட்டையைப் பிரித்தானியக் கப்பல்கள் பீரங்கிகளாற் தாக்கின. அக்கோட்டை அதே பனையினத்தின் மரக்குற்றிகளால் ஆனது. மென்மையான அம்மரம் குண்டுகளைப் பிளவுறாது உள்வாங்கிக்கொண்டமையாற் கோட்டை வீழவில்லை. அம்மரம் 1861இல் அம்மாநிலக் கொடியிலும் இடம்பெற்றது. 1939இல் மாநில மரமாயிற்று. மக்கள் நினைவு முன்னே செல்ல, சட்டம் பின்னே வந்தமையை இங்குக் காண்கிறோம்.

தமிழ்நாட்டின் நிலை சற்றுச் சிக்கலானது. கோபுரம் பொறித்த அரச இலச்சினை 1949இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக்காலத்தில், ஓவியர் கிருஷ்ணராவ் வரைந்தது. அக்கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரினது என்பது பலரின் கொள்கை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே என்பாரும் உளர். எக்கோபுரமாயினும், அன்றைய சென்னை மாகாணம் ஆந்திரப் பகுதிகளையும் மலபாரையும் உள்ளடக்கியிருந்தது என்பது நோக்கற்பாலது. இலச்சினை தமிழ் மாநிலத்துக்கு முந்தியது. மாநிலத்தின் பெயரோ மிகப் பிந்தியது. பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1967 யூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14இலேயே ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. எம் கருத்துப்படி அம்மாநிலத்தின் தலையாய சின்னம் அப்பெயரே. வரையாடு, மரகதப்புறா முதலியன அதன்பின் வைத்து எண்ணத்தக்கவை.

காந்தளுக்குத் தொன்மை மிகவுண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலில் நிற்பது அதுவே. அதன் கிழங்கு கொடிய நஞ்சு. விதையிலிருந்தோ கொல்சிசின் என்னும் மருந்துப்பொருள் பெறப்படுகின்றது. அது கருதித் தமிழ்நாட்டில் இக்கொடியைப் பயிரிடுவோர் உளர். இலங்கையிலே விடுதலைப் புலிகள் இயக்கம் இம்மலரைத் தேசிய மலராகக் கொண்டது. நவம்பர் 27இல் மாண்டோரை நினைவுகூரும் வழக்கோடு அது பிணைந்தமையால், 2009இன் பின் இம்மலரின் உருவம் ஐயத்தோடு நோக்கப்படும் ஒன்றாயிற்று. அக்கரையில் மாநிலத்தின் மலராகப் பாடநூலில் இடம்பெறத்தக்கது, இக்கரையில் வரைபவர் தயங்கி வரையும் பூவாக உள்ளது. வேலியிற் படரும் கொடிக்கு இவ்வேறுபாடு தெரியாது. ஆண்டுதோறும் மாரியில் அது பூக்கவே செய்கின்றது.

பனையின் கதை வேறு. 1978இல் தமிழ்நாடு அதனை மாநில மரமாக்கியது; அதே ஆண்டில் இலங்கையிற் பனை அபிவிருத்திச் சபை தோற்றுவிக்கப்பட்டது. ஒன்று சின்னம், மற்றது தொழில். பின்வந்த போரிலே வடபகுதியின் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாயின. இரு தரப்பினரும் தறித்தனர். செல்லடிக்கு அஞ்சிய குடும்பங்களும் தம் வளவில் நின்றவற்றையே தறித்துக் குழிக்கு மேல் அடுக்கின. வெள்ளாங்குளம் 2008இல் இராணுவத்தின் வசமாகியபோது இப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்திருந்தனர். தென் கரோலினாவின் மரக்குற்றிகள் செய்த அதே பணியை வன்னியின் பனங்குற்றிகளும் செய்தன. எனினும் அவற்றை நினைவுகூரும் கொடியோ முத்திரையோ இல்லை. பனை பாளை ஈனப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். மீள்குடியேற்றத்தின் பின் வடபகுதியில் நாட்டப்பெற்ற பனங்கொட்டைகளுட் பிழைத்தவை இப்பொழுதுதான் வடலிப்பருவம் கடந்து வருகின்றன.