நாள்கணக்கு அறியாப் பயணம்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வழித்தடத்தில் கொரிய எழுத்துகளைத் தாங்கிய உணவகப் பலகைகள் இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. அங்கிருந்து இங்கு வருவோரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை ஆகிய இடங்களின் ஆலைகளிலிருந்து பயிற்சிக்காகவும் இயந்திரங்களைச் சோதித்துப் பெறுவதற்காகவும் கொரியா, ஜப்பான், ஜெர்மனி செல்லும் நம் இளைஞர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. இவர்களில் பலர் பட்டயப் படிப்பு முடித்தவர்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கடவுச்சீட்டு பெற்றவர்கள்.

இவர்கள் புறப்படும்போது வீடே கூடிப் பெட்டி கட்டுகிறது. ஊறுகாய் எத்தனை கிலோ என்பது வரை கணக்கிடப்படுகிறது. நாள்களை மட்டும் எவரும் எண்ணுவதில்லை. நீண்ட பயணம் என்பது குறும்பயணத்தை இழுத்து நீட்டியது அன்று. நாள்கள் கூடக் கூட, பயணியின் மீது பாயும் சட்டமே மாறிவிடுகிறது. முதல்முறை செல்வோர் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

விசாவை எடுத்துக்கொள்வோம். அதில் அச்சிடப்பட்டுள்ள செல்லுபடிக் காலம் வேறு, தங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட நாள்கள் வேறு. ஜெர்மனி உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில், குறுகிய கால விசாவில் செல்வோர் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். லீப் ஆண்டல்லாத ஓர் ஆண்டில், ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை 60 நாள்கள் அங்கிருந்த ஒருவர் ஊர் திரும்பி, ஏப்ரல் 10 அன்று மீண்டும் செல்கிறார் என்று கொள்வோம். புதிதாக 90 நாள்கள் கிடைத்துவிட்டதாகவே அவர் எண்ணுவார். உண்மையில் மிச்சமிருப்பவை 30 நாள்கள். மே 9 அன்று அவர் வெளியேறியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அது சட்டமீறல். அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு நாள் எதிரே வந்து நிற்கும்.

ஜப்பானில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்குவோருக்கு வசிப்பிட அட்டை வழங்கப்படுகிறது. குடியேறிய 14 நாள்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். கொரியாவில் 90 நாள்களைத் தாண்டித் தங்குவோர், நுழைந்த 90 நாள்களுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 'நிறுவனம் பார்த்துக்கொள்ளும்' என்று இருந்துவிடுவது நம்மவர் வழக்கம். பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. ஆனால், பதிவு தவறினால் குடிநுழைவு அதிகாரி கேள்வி கேட்கப்போவது பயணியிடம்தான்.

விசாவின் வகையும் இதைப்போன்றதே. வணிக விசாவில் சென்றவர் கூட்டத்தில் அமரலாம், இயந்திரத்தைப் பார்வையிடலாம். அதே இயந்திரத்தில் உற்பத்தி வேலையில் இறங்கினால், பல நாடுகளில் அது அனுமதியற்ற வேலை.

அடுத்தது வரி. ஒரு நிதியாண்டில் 182 நாள்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தவர், வருமான வரிச் சட்டத்தின்படி இங்கு வசிப்பவர். அவரது உலகளாவிய வருமானமும் இங்கு கணக்கில் வரும். ஜப்பானுடனும் கொரியாவுடனும் நாம் செய்துகொண்டுள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களின்படி, அங்கு தங்கும் காலம் 183 நாள்களைத் தாண்டினால் ஊதியத்துக்கு அந்நாடும் வரி கேட்கலாம். 'இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டு வா' என்று மேலாளர் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்கு இவ்வளவு விலை இருக்கக்கூடும்.

சமூகப் பாதுகாப்புக்கான பிடித்தமும் இரண்டு முறை போகலாம். இதைத் தவிர்க்கவே கொரியாவுடனான ஒப்பந்தம் 2011 நவம்பரிலும், ஜப்பானுடனான ஒப்பந்தம் 2016 அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தன. வருங்கால வைப்பு நிதி அமைப்பிடமிருந்து உரிய சான்றிதழைப் பெற்றுச் சென்றால் அங்கே பிடித்தம் இல்லை. இப்படியொரு சான்றிதழ் இருப்பதே தொழிலாளர் பலருக்குத் தெரிவதில்லை.

காப்பீட்டிலும் நாள்கணக்கு ஒளிந்திருக்கிறது. ஓராண்டுப் பயணக் காப்பீடு என்று விற்கப்படுபவற்றில் ஒவ்வொரு பயணத்துக்கும் 30, 45, 60 நாள் என வரம்பு இருப்பது வழக்கம். இயந்திர வேலையில் நேரும் காயங்களுக்கு இழப்பீடு இல்லை என்று பல ஒப்பந்தங்களில் சிறு எழுத்தில் இருக்கும். ஆலைக்குச் செல்பவருக்கு அந்தச் சிறு எழுத்துதான் முக்கியம்.

பணத்தைப் பொருத்தவரை இரண்டு செய்திகள். அட்டை தேய்க்கும் கருவி 'ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா' என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்; ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதல் கட்டணம் சேர்ந்துவிடும். மற்றொன்று, தேநீர் விலையைக்கூட ரூபாயில் பெருக்கிப் பார்த்து, தினப்படியை மிச்சம் பிடிப்பதற்காகப் பட்டினி கிடப்பது. அங்கு செலவிடத் தந்த பணத்தை அந்நாட்டு விலைவாசியில்தான் மதிப்பிட வேண்டும். ஆறு மாதம் ரொட்டியும் ஊறுகாயுமாகக் கழித்துச் சேமித்த தொகை, பின்னர் மருத்துவச் செலவுக்குப் போனால் அது சேமிப்பாகாது.

ஊறுகாய் என்றதும் சமையலறைச் செய்தி ஒன்று. குருமாவுக்கு அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். சில சளி மாத்திரைகளுக்கு ஜப்பானிலும் தடை உண்டு. மசாலாப் பொட்டலம் கட்டித்தரும் அம்மாவுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

நிறுவனம் அனுப்பாமல் முகவர் வழியாகச் செல்வோரின் நிலைதான் கவலைக்குரியது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாதோர் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. அவர்களது வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படுகிறது; இரண்டாண்டுக்கு ரூ.275 செலுத்தினால் ரூ.10 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் அரசுத் திட்டத்தில் சேர்வதும் கட்டாயம். பட்டயதாரிக்கு இந்தச் சோதனை கிடையாது. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது சட்டத்தின் அனுமானம். அந்த அனுமானம் எவ்வளவு பலவீனமானது என்பது, தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழர்களால் தெரியவந்தது. அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்டு அழைத்து வரப்பட்டனர்.

அழைப்புக் கடிதம் கையில் கிடைத்தவுடன், விமானச் சீட்டு வாங்கும் முன் அந்த முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக வரி நீங்கலாக ரூ.30,000-க்கு மேல் வாங்கக்கூடாது. 1978 முதல் இயங்கிவரும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து காலையில் பேருந்து ஏறினால் விசாரித்துவிட்டு மாலை ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம்.